கத்திரிக்கு முன் ஒரு கோடை

ஏப்ரல் 10-ஆம் தேதி வாக்கில் கன்னியாகுமரியில் நண்பகல் நிழல் காணாமல் போகிறது. சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுவதால், நட்டு வைத்த கம்பின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். அந்த நிழலில்லா நண்பகல் அங்கிருந்து நாளுக்குக் கொஞ்சமாக வடக்கே ஏறுகிறது. 15, 16 தேதிகளில் மதுரைக்கு வரும். 18, 19-இல் திருச்சியையும் கோவையையும் தொடும். 24-ஐ ஒட்டிச் சென்னையை எட்டிவிடும். தென்கோடியிலிருந்து வடகோடிக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்து லீவு விடுவதும் கிட்டத்தட்ட இதே நாட்களில்தான். 2025-இல் வெயிலை முன்னிட்டு ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை தேர்வுகளை முன்கூட்டியே நடத்தி, ஏப்ரல் 17-க்குள் முடித்துவிட்டார்கள். அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித்தான் பிறக்கும். நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் கிடைக்கிறது. காலை ஒன்பது மணி வரை மொட்டைமாடியில் நிற்க முடிகிற, மாலை ஐந்துக்கு மேல் காற்று இறங்குகிற நாட்கள். மூன்றிலிருந்து எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வருஷத்திலேயே அருமையான பருவம் இது. பல வீடுகளில் எந்தக் கேம்ப்பில் சேர்ப்பது, எவ்வளவு கட்டணம், வேன் வருமா என்று விசாரிப்பதிலேயே இது கழிந்துவிடுகிறது.

நிழல் விளையாட்டுக்கு எந்தக் கேம்ப்பும் வேண்டாம். காலை எட்டு மணிக்குப் பிள்ளையை மொட்டைமாடியில் நிறுத்தி, விழும் நிழலைச் சாக்பீஸால் வரைய வேண்டியதுதான். பத்து மணிக்கு அதே இடத்தில் நிறுத்தினால் நிழல் பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை தன் நிழலின் தலை எங்கே போனது என்று கட்டாயம் கேட்கும். தங்கள் ஊருக்கான நாளில், சென்னையில் 12.07 மணி, மதுரையில் 12.17 மணி வாக்கில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் சுற்றிலும் நிழலே இருக்காது. செருப்புப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் மாடியில் நின்றால் போதும், பார்த்துவிட்டு இறங்கிவிடலாம். ஜூன் 21 வரை வடக்கே போகும் சூரியன் திரும்பி வரும்போது பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்டில் இன்னொரு முறை இதே காட்சி கிடைக்கும். கடகரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிப் பிள்ளைகளுக்கு இது வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தங்கள் ஊரில் கிடைக்காது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் ஊர் ஊராகப் பிள்ளைகளைக் கூட்டி இதைச் செய்து காட்டிவருகிறார்கள். அப்பாவோ அத்தையோ செய்து காட்டினாலும் அதே சூரியன்தான்.

மாடியில் நடக்கும் பள்ளிக்கூடம்

மதுரைப் பக்கம் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விடியற்காலை நாலரைக்கே அடுப்பில் கூழ் கிண்டியாகிவிட்டது. ஊறவைத்து ஆட்டிய அரிசி, ஜவ்வரிசி, பச்சைமிளகாய் விழுது, உப்பு, பெருங்காயம், கடைசியில் எலுமிச்சைச் சாறு. ஆறரை மணிக்கு மாடியில் பழைய வேட்டி விரித்து, நாலு மூலையிலும் செங்கல் வைத்தாயிற்று. அப்பத்தா ஒரு வரிசை, அம்மா ஒரு வரிசை, ஏழு வயதுப் பேத்தி ஒரு வரிசை என்று கரண்டியால் ஊற்றிக்கொண்டு போகிறார்கள். நாலு வயதுப் பேரனுக்குச் சின்ன ஸ்பூன்.

"வட்டமா ஊத்து தம்பி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிரும்."

"ஒட்டிக்கிட்டா என்ன ஆகும் அப்பத்தா?"

"ஒட்டிக்கிட்டா ரெண்டும் ஒண்ணாப் பொரியும், அவ்வளவுதான். ஊத்து."

அவன் ஊற்றியது யானைக்காது மாதிரியும் இருக்கிறது, இலங்கை வரைபடம் மாதிரியும் இருக்கிறது. யாரும் அதை அழித்துத் திருத்தவில்லை. பிற்பாடு அவன் தட்டில் விழும்போது அது அவன் வத்தல் என்று அவனுக்கே அடையாளம் தெரியும்.

ஊற்றி முடித்ததும் காக்கை காவல். மாடிப்படி நிழலில் குச்சியோடு உட்கார்ந்திருக்கும் வேலை பிள்ளைகளுக்கு. வெயில் ஏறி அவர்கள் கீழே இறங்கியதும் அந்த வேலையைக் கறுப்புக் குடை ஒன்று பார்த்துக்கொள்ளும். விரித்து வைத்தால் காக்கை பக்கத்தில் அண்டத் தயங்கும். சாயங்காலம் அரைக்காய்ச்சலாக இருக்கும் வத்தலை இரண்டு மூன்று பிய்த்துத் தின்பது அந்த நாளின் கூலி. மறுநாள் வேட்டியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து, துணியை இழுத்துப் பிடித்து உரிக்க வேண்டும். சின்ன விரல்களுக்கு ஏற்ற வேலை என்றால் அது இதுதான். கிழிக்காமல் உரிக்க இரண்டு கையும் சேர்ந்து இயங்க வேண்டும், அவசரப்படாமல் இருக்க வேண்டும். விரல்களுக்குப் பயிற்சி என்று மணி கோக்கவும் களிமண் பிசையவும் வைக்கும் வகுப்புகள் செய்வதும் இதைத்தான். வத்தல் உரிப்பில் கூடுதலாக ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுக்கு அது நிஜமாகவே தேவைப்படுகிற வேலை.

சின்னப் பிள்ளைகள் விளையாட்டுச் சாமான்களைவிடப் பெரியவர்களின் வேலையில் பங்கு கிடைப்பதையே பெரிதாக நினைக்கிறார்கள். துடைப்பத்தைப் பிடுங்குகிற, சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கேட்கிற வயது அது. கோடைக்கு முன்பகுதி நம் வீடுகளில் வேலை நிறைந்த பருவம். வத்தல், வடகம், மோர்மிளகாய், மாவடு, புளி என்று வருஷத்துக்கு வேண்டியதைச் சேர்த்து வைக்கும் காலம். இவற்றில் எதையும் செய்யாத வீடு இன்று நிறைய இருக்கிறது. அது குற்றமில்லை. ஆனால் ஒரே ஒரு காலைப்பொழுது, ஒரு படி அரிசி, ஒரு பழைய வேட்டி என்று தொடங்கினாலும் அது பிள்ளைக்குள் பல வருஷம் நிற்கும்.

புளியும் அப்படித்தான். மாசி, பங்குனியில் உலுக்கிய புளி சித்திரைக்குள் ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, பானையில் உப்போடு அடைபட்டாக வேண்டும். கொட்டையைப் பிதுக்கித் தள்ளுவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆர்வம் பெரியவர்களுக்கு வராது. அந்தக் கொட்டைகளை எறிந்துவிடக் கூடாது. கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் மதியப் பொழுதுக்கு ஆகும்.

நுங்கு வண்டியும் தண்ணீரும்

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஏப்ரலில் தஞ்சாவூர் ரோட்டோரத்திலும் தூத்துக்குடி ரோட்டோரத்திலும் குலை குலையாக நுங்கு வந்து இறங்குகிறது. கடைக்காரரிடம் சீவி வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவதைவிட, இரண்டு காயை அப்படியே வாங்கி வருவது நல்லது. தலைப்பக்கம் சீவினால் பெரும்பாலும் மூன்று கண் தெரியும். கட்டைவிரலை உள்ளே விட்டுத் தோண்டி உறிஞ்சும்போது நீர் முகத்தில் பீறிடும். மூன்று வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தைக்கு மட்டும் முழு நுங்கைக் கொடுக்கவே கூடாது. வழுக்கித் தொண்டையில் சிக்கும், சின்னத் துண்டுகளாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும். தின்று முடித்த இரண்டு வெற்றுக் காயையும் ஒரு குச்சியில் அச்சுப்போலக் கோத்து, கவட்டைக் கம்பு ஒன்றால் தள்ளினால் நுங்கு வண்டி தயார். மூன்று நாளில் காய்ந்து சுருங்கிவிடும். அதற்குள் தெருவை நாற்பது தடவை சுற்றியிருக்கும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடம்பை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற விளையாட்டாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம் என்று பிரித்தால் கோடையிலும் இது சாத்தியம். நடுப்பொழுதைத்தான் விட்டுவிட வேண்டும்.

வெயிலைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலூர், ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் ஏப்ரலிலேயே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிற வருஷங்கள் வந்துவிட்டன. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு 2024-இல் அறிவித்தது. சின்னக் குழந்தைகளுக்கு உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும். தாகத்தைச் சொல்லவும் தெரியாது, விளையாட்டில் மறந்தும் போவார்கள். நிழல் பார்க்கும் அந்த ஐந்து நிமிடம் தவிர, பதினொன்றிலிருந்து மூன்றரை வரை வெளியே விடக் கூடாது. சிறுநீர் குறைவதும் மஞ்சளாகப் போவதும், வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு படுப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். ஓஆர்எஸ் பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. கலக்கியதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு வெயில் காலத்திலும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர்கூட வேண்டாம். 'ஒரு நிமிஷம்' என்று காருக்குள் குழந்தையை விட்டுவிட்டு இறங்கவே கூடாது. பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும்.

நீச்சலும் இந்தப் பருவத்துப் பாடம்தான். முன்பெல்லாம் கிராமத்துக் கிணறுகளில் முதுகில் சுரைப்புருடை கட்டி இறக்குவார்கள். மாமாவோ சித்தப்பாவோ பக்கத்திலேயே மிதப்பார். இப்போது அந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் கேன் வந்திருக்கிறது. சித்தப்பாவின் இடத்தை மட்டும் காலியாக விடக் கூடாது. ஒவ்வொரு கோடை லீவிலும் குளம், குட்டை, கிணறு, குவாரிப் பள்ளங்களில் பிள்ளைகள் மூழ்கிய செய்தி வராமல் இருப்பதில்லை. தண்ணீருக்குள் ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். கரையில் உட்கார்ந்து போன் பார்ப்பது காவல் ஆகாது.

காக்கை வீடு கட்டும் நேரம்

குருவிக்குத் தண்ணீர் வைப்பது இப்போது நிறைய வீடுகளில் பழக்கமாகிவிட்டது. மண்சட்டியை நிழலில் வைத்து, தினமும் கொட்டி மாற்றும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். தண்ணீரை மாற்றாவிட்டால் கொசுப்புழு வரும் என்பதையும் அங்கேயே காட்டிவிடலாம்.

அதைவிடச் சுவாரசியமான ஒன்று தெருமரத்திலேயே நடக்கிறது. ஏப்ரலில் காக்கை குச்சி, கம்பி, துடைப்ப ஈர்க்கு என்று அலகில் கவ்விப் பறப்பதைப் பார்க்கலாம். அது கூடு கட்டுகிறது. அதே நேரத்தில் விடியற்காலை நாலு மணிக்கே கூவத் தொடங்கும் ஆண்குயில், சிவந்த கண்ணோடு கன்னங்கரேலென்று இருக்கும். பெண்குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், கூவாது, 'கிக் கிக்' என்று கத்தும். இரண்டும் ஒரே பறவை என்று நம்பப் பெரியவர்களுக்கே நேரமாகும். ஆண்குயில் காக்கையைச் சீண்டித் துரத்தவைக்க, அந்த இடைவெளியில் பெண்குயில் காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிடும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, தன்னைவிட வேறு மாதிரி இருக்கும் ஒரு குஞ்சுக்குக் காக்கை இரை ஊட்டிக்கொண்டிருக்கும். ஒரே மரத்தை இரண்டு மாதம் தொடர்ந்து பார்க்கும் பிள்ளைக்கு இந்தக் கதை முழுசாகக் கிடைக்கும்.

கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு ஒன்று உண்டு. சென்னைக் கரையில் ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. ஒரு ஆமை நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாயும் மனிதரும் தோண்டிவிடாமல் அவற்றை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காப்பாற்றும் வேலையை 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு செய்துவருகிறது. வனத்துறையும் தனியாகப் பொரிப்பகங்கள் நடத்துகிறது. சுமார் 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடந்த மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சூடு அதிகமானால் பெண் அதிகம்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பெசன்ட் நகர் கடற்கரையில் குஞ்சுகள் வெளிவரும் நாளின் மாலைப்பொழுது பார்க்க வேண்டிய ஒன்று. மணலில் கோடு கிழித்திருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் எல்லாரும். கூடையைச் சாய்த்ததும் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத கறுத்த குஞ்சுகள் துடுப்புக் கால்களால் மணலை அளைந்துகொண்டு அலையை நோக்கிப் போகும். தண்ணீரிலேயே கொண்டுபோய் விட மாட்டார்கள், அந்த நாலைந்து கஜத்தை அவை நடந்தே ஆக வேண்டும். வெளிச்சம் இருக்கும் பக்கம் திரும்பிவிடும் என்பதால் போன் டார்ச் அடிக்கக் கூடாது, பிளாஷ் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, தொடக் கூடாது. மூன்று கட்டளைகள். சும்மா இருக்கச் சொன்னால் இருக்காத பிள்ளைகள், காரணம் கண்முன்னே ஊர்ந்துபோகும்போது கோட்டைத் தாண்டுவதில்லை. எத்தனை பிழைக்கும் என்று கேட்டால் மறைக்க வேண்டியதில்லை, மிகச் சிலதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் வளர்ந்த ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சடைத்தவை பல. இதையும் ஏழெட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லலாம். அழுதால் அழட்டும்.

வெளியே போகும் நாட்கள்

ஊட்டி, கொடைக்கானல் போக 2024 மே மாதம் முதல் இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அத்தனை கூட்டம். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர் ஏறும் நீலகிரி மலை ரயில் அபூர்வமான அனுபவம்தான், ஆனால் மூன்று வயதுக் குழந்தைக்கு அது நாலைந்து மணி நேரப் பயணம். அந்த வயதுக்குச் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்த் திரும்புவதே நிறைவான பயணம். 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை அது. ஐந்து வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்கு வீடு.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை விடுமுறை. எல்லாக் கூடத்தையும் ஒரே நாளில் சுற்றிக் காட்ட முயல்வதுதான் குடும்பங்கள் செய்யும் தவறு. திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டு, அதன் அடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தால் போதும். மற்றவற்றுக்கு அடுத்த முறை. வண்டலூர் உயிரியல் பூங்கா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், போனால் திறந்ததுமே உள்ளே போய் வெயிலுக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். கடுமையான மதியங்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதியும், மதுரையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. குளிர்ச்சி, புத்தகம், உட்கார இடம், மூன்றுக்கும் காசில்லை.

மதுரை மாவட்டத்துக் குடும்பங்களுக்குச் சித்திரைத் திருவிழா இல்லாத கோடை கிடையாது. தோப்பறை என்னும் தோல்பை வைத்துத் தண்ணீர் பீய்ச்சுவோரையும் கள்ளழகர் வேஷம் கட்டிய குட்டிப் பிள்ளைகளையும் தெருவெங்கும் பார்க்கலாம். அழகர் ஆற்றில் இறங்கும் விடியற்காலையில் மட்டும் வைகைக்குள் கைக்குழந்தையோடு இறங்க வேண்டாம். 2022-இல் அந்த நெரிசலில் உயிர்ப்பலி நேர்ந்தது. ஊருக்குள் ஒரு மண்டகப்படி வாசலில் காத்திருந்தால் அழகர் அங்கேயே வருவார். எங்கே போனாலும் பிள்ளையின் கையில் போன் நம்பரைப் பேனாவால் எழுதிவிடுவது நல்லது.

மதுரையிலிருந்து 12 கிலோமீட்டரில் கீழடி. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பெரியவர்கள் காலக்கணக்கையும் உறைகிணற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளை நேரே ஆட்டக்காய்கள் இருக்கும் பெட்டிக்கு அழைத்துப் போகலாம். தாயக்கட்டை, சுடுமண்ணில் செய்த வட்டச் சில்லு என்று அவர்கள் கையில் இன்றும் புழங்குகிற சாமான்கள் அங்கே இருக்கின்றன. பாண்டி ஆடத் தெரிந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு அந்தச் சில்லு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இவ்வளவுக்கும் பெரியவர்களின் நேரம் வேண்டும். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அது எளிதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, கேம்ப்பில் சேர்ப்பதற்குப் பல வீடுகளில் வேறு வழியில்லாததே காரணம். ஆனாலும் ஒரே தெருவில், ஒரே அபார்ட்மென்டில் நாலு குடும்பம் சேர்ந்தால் நிலைமை மாறும். சனிக்கிழமை நூலகத்துக்கு ஒருவர், ஞாயிறு காலை கடற்கரைக்கு இன்னொருவர், வாரநாள் மதியங்களுக்குத் தாயமும் பல்லாங்குழியும் தெரிந்த மூன்றாவது மாடிப் பாட்டி என்று முறை வைத்துக்கொள்ளலாம். பாட்டிக்கும் பொழுது போகும்.

பல்லாங்குழிக்குப் பலகை இல்லையென்றாலும் பரவாயில்லை. தரையில் சாக்பீஸால் இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு என்று வட்டம் போட்டு, வட்டத்துக்கு ஐந்தாக எழுபது புளியங்கொட்டை வைக்க வேண்டும். ஒரு வட்டத்தை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், வெறும் வட்டத்துக்கு அடுத்து இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். போடும்போது எந்த வட்டத்திலாவது நாலு சேர்ந்தால் அது பசு. அந்தப் பக்கத்துக்காரர் "பசு!" என்று கத்திவிட்டு அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். ஒன்று, இரண்டு எண்ணத் தெரிந்த நாலு வயதுப் பிள்ளையும் இதில் சேர்ந்துகொள்ளலாம். முதல் இரண்டு ஆட்டத்துக்கு மட்டும் பாட்டி பக்கத்தில் உட்கார வேண்டும்.